மருந்தையும் துஆவையும் இணைத்த டாக்டர் திஜானி அல்-மாஹி

நம் வீடுகளில் ஒருவருக்கு மனம் பேதலித்தால் முதலில் ஓதிப் பார்ப்பவரிடம் போகிறோம். பிறகு தர்காவுக்குப் போகிறோம். மருத்துவமனை நினைவுக்கு வருவதற்குள் சில வருடங்கள் ஓடிவிடுகின்றன. சூடான் முஸ்லிம்களின் நிலையும் ஒரு காலத்தில் இதுதான். அங்கே ஓதுபவரையும் மருத்துவரையும் நெருங்கி வரச் செய்தவர் டாக்டர் திஜானி அல்-மாஹி.

1911-ல் வெள்ளை நைல் நதிக்கரை ஊரான அல்-கவ்வாவில் பிறந்தார். 1935-ல் கார்ட்டூமின் கிச்னர் மருத்துவப் பள்ளியில் பட்டம் பெற்றார். இங்கிலாந்து சென்று மனநல மருத்துவம் பயின்றார். அத்துறையில் பயிற்சி பெற்ற முதல் சூடானியர் அவரே. நாடு திரும்பியதும் வடக்கு கார்ட்டூமில் நரம்புக் கோளாறுகளுக்கான சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்.

அந்நாட்களில் சூடான் மக்கள் மனநோயாளிகளை, குர்ஆன் கற்றுக்கொடுக்கும் ஷைகுமார்களிடமே கொண்டுபோய் விட்டார்கள். மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். விலங்கிட்டு வைக்கப்பட்டவர்களும் உண்டு. மேல்நாட்டில் படித்த மருத்துவர் ஒருவர் இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒதுக்கியிருக்கலாம். திஜானி அப்படிச் செய்யவில்லை. ஷைகுமார்களை மதித்துப் பழகினார். அவர்களின் முறைகளையும், 'ஸார்' எனும் நாட்டுப்புறச் சடங்கையும்கூட ஆய்வு செய்தார். பரந்த அந்த நாட்டில் மருத்துவர்கள் மிகச் சிலர். ஷைகுமார்களோ ஊர்தோறும் இருந்தார்கள்; குடும்பங்களின் நம்பிக்கையும் அவர்கள் பக்கமே இருந்தது. அவர்களைப் பகைத்தால் நோயாளி மருத்துவமனை வாசலுக்கே வரமாட்டார். இதை அவர் நன்கு புரிந்திருந்தார்.

1959 முதல் உலக சுகாதார அமைப்பின் கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதிக்கு மனநல ஆலோசகராகப் பணியாற்றினார். 1964 புரட்சிக்குப் பின் நாட்டின் உயர் ஆட்சிக் குழுவிலும் இடம்பெற்றார். அரபு மருத்துவ வரலாற்றை எழுதினார். 1970-ல் வஃபாத்தானார். உம்துர்மானில் உள்ள மனநல மருத்துவமனை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த வரலாறு நமக்கு ஏன்? 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் தப்பியோட வழியின்றி மாண்டார்கள். பின்னர் அதே தர்காவில், துஆவுக்கு வருபவர்களுக்கு மருத்துவமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்தது. திஜானி அரை நூற்றாண்டுக்கு முன்பே நடந்த பாதை அது.

ஓதிப் பார்ப்பது சுன்னத். மருந்து செய்துகொள்ளும்படி ஏவியவர்களும் நபி (ஸல்) அவர்கள்தாம். சங்கிலி இந்த இரண்டிலும் சேராது. எனவே ஓதிக் கொடுக்கும் ஆலிம்களான நாமே, மருத்துவரைப் பாருங்கள் என்று முதலில் சொல்பவர்களாக இருக்க வேண்டும். சிகிச்சை முடிந்து வருபவரை ஜமாஅத் அரவணைக்க வேண்டும். மாத்திரையை நிறுத்திவிடாதபடி வீட்டார் கவனிக்க வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

நோயுற்ற மனங்களுக்கு அல்லாஹ் ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.