தமிழவேள் கோ. சாரங்கபாணி

கடல் கடந்து சென்ற தமிழ் மக்களுக்குத் தொண்டாற்றிய பெருந்தகையாளர் பலர். அவருள் சிங்கப்பூர்த் தமிழர் இன்றும் நன்றியோடு நினைந்து போற்றுபவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி ஆவார். பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டு வாழும் நம் சங்கத்து அன்பர்கள் அப்பெரியாரின் வாழ்க்கையை அறிந்துகொள்வது பயனுடையது எனக் கருதி இதனை எழுதத் துணிந்தேன்.

சாரங்கபாணியார் 1903ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். 1924இல், இருபத்தோராம் அகவையில், சிங்கப்பூரை அடைந்து ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதும் பணியில் அமர்ந்தார். அக்காலத்தில் அங்கிருந்த தமிழருள் பெரும்பாலோர் துறைமுகத்திலும் நகராட்சியிலும் உடல் வருந்த உழைத்தவர்கள். மலாயாவிலோ ரப்பர்த் தோட்டங்களே அவர்களுக்குக் கதி. பெண்டு பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு, ஈட்டிய பொருளை அனுப்பிக்கொண்டு, என்றேனும் ஒரு நாள் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்திலேயே பலர் காலங் கழித்தனர். ஊரிலிருந்த சாதி வேற்றுமையும் அவர்களுடனேயே கப்பலேறி வந்திருந்தது. கள்ளுக்கடை கூலிப் பணத்தை விழுங்கிற்று. கூலிகள் என்ற பெயரே தமிழர்க்குரிய பெயராய் வழங்கிற்று.

இந்நிலை கண்டு உளம் நொந்தார் இளைஞர் சாரங்கபாணியார். தந்தை பெரியார் 1929ஆம் ஆண்டின் இறுதியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து சென்றது அங்குள்ள சீர்திருத்த அன்பர்களுக்கு ஊக்கமளித்தது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது. அதன் தூண்களுள் ஒருவராய் இவர் விளங்கினார். 1935ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6ஆம் நாள் ‘தமிழ் முரசு’ வார இதழாக வெளிவந்தது. விலை ஒரு காசு. உழைப்பாளியும் வாங்கக்கூடிய விலை அது. எழுத்தறியாதவர்க்குப் பிறர் படித்துச் சொல்லலாம். பின்னர் அது நாளிதழாக வளர்ந்தது.

போருக்குப் பின் அவருடைய தொண்டு பன்மடங்காயிற்று. 1952 முதல் பொங்கல் நன்னாளைத் தமிழர் திருநாளாகக் கொண்டாடச் செய்தார். இந்து, இசுலாமியர், கிறித்தவர் என்ற வேறுபாடின்றித் தமிழ் பேசும் அனைவரும் ஒரே பந்தலில் கூடினர். முரசில் மாணவர் மணிமன்றம் கண்டு இளஞ்சிறார்க்கு எழுதும் ஆர்வத்தை ஊட்டினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை நிறுவ முயன்றபொழுது, அங்கு வாழும் இந்தியருள் மிகப் பலர் தமிழராதலின் தமிழே அத்துறையில் இடம்பெற வேண்டும் என்று வாதாடி வென்றார். தமிழ் நூல்கள் வாங்குதற்குத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்னும் நிதி திரட்டினார். எளிய தொழிலாளரும் தம் கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தனர்.

இவ்வாறு மொழிக்காகப் போராடிய அவரே, தமிழர் அந்நாட்டின் குடிமக்களாக வேண்டும் என்றும் ஓயாது வற்புறுத்தினார் என்பது நாம் ஊன்றி நோக்குதற்குரியது. 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தபோது தமிழர் பலர் தயங்கினர். அயல்நாட்டுக் குடியுரிமை ஏற்றால் இந்தியக் குடியுரிமை நீங்கிவிடும். தாய்நாட்டைத் துறப்பதோ என்ற கலக்கம் இயல்பே. ஆயினும் வாக்குரிமை அற்றவன் தன் மொழிக்குப் பள்ளி கேட்டாலும் கேட்பார் யார்? இதனை உணர்ந்தே அவர் பதிவு செய்துகொள்ளுமாறு தூண்டினார். தம் வாழ்விலும் அவர் வேலி கட்டிக்கொள்ளவில்லை. சீன மரபினரான ஒரு நங்கையை மணந்து இல்லறம் நடத்தினார்.

அவர் பாதை மலர் பரப்பியதன்று. பணமுடை பலகால் வருத்தியது. 1963இல் வேலைநிறுத்தத்தால் முரசு நின்று, பின்னர் மீண்டும் ஒலித்தது. 1974ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் அவர் மறைந்தார். இன்று சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளுள் தமிழும் ஒன்று. முரசும் வெளிவருகின்றது. இவை பலர் உழைப்பின் பயன் எனினும் அவருழைப்பு அவற்றின் அடித்தளம் என்பது மிகையாகாது.

நம் நிலை வேறு. நாம் நம் நாட்டிலேயே இருக்கின்றோம். நமக்குக் குடியுரிமைத் தாள் வேண்டுவதில்லை. ஆயினும் இருபது ஆண்டு இங்கு வாழ்ந்தும், ஓய்வு பெற்றதும் ஊருக்குப் போவோம் என்றெண்ணி அண்டை வீட்டார் மொழியைக் கூடக் கல்லாதார் நம்மில் உளர். நம் மக்களோ இவ்வூரையே தம் ஊராகக் கொண்டு வளர்கின்றனர். தமிழ் எழுத்தறியாமலும் வளர்கின்றனர். ஊரில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று நின்றால் இரண்டும் நழுவும். வாழும் இடத்திற்கு உரியவராதலும் மொழியைப் போற்றுதலும் ஒன்றையொன்று தாங்குவன என வாழ்ந்து காட்டியவர் சாரங்கபாணியார். இவ்வாண்டு நம் இல்லந்தோறும் ஒரு குழந்தையேனும் தமிழ் எழுதப் படிக்கக் கற்குமாயின், அதுவே அவருக்கு நாம் செய்யும் வணக்கமாகும்.

வாழ்க தமிழவேள் புகழ்!