ஒரு பென்னி அஞ்சல் கண்ட ரோலண்ட் ஹில்

நுழையும்முன்

அரசுத் துறைகள் மக்களுக்குப் பணியாற்றவே அமைந்தவை. ஆயினும், காலப்போக்கில் பழைய விதிகளும் கணக்குகளும் பெருகி, அத்துறைகளே மக்களுக்குச் சுமையாகிவிடுவதும் உண்டு. அவ்வாறு சுமையாகிப்போன ஒரு துறையைக் கணக்கறிவாலும் மக்கள் துணையாலும் சீர்திருத்தியவர் ரோலண்ட் ஹில். அவர் அஞ்சல்துறை அலுவலர் அல்லர். ஒரு பள்ளி ஆசிரியர்.

பிறப்பும் இளமையும்

ரோலண்ட் ஹில் 1795 ஆம் ஆண்டு டிசம்பர் 3 ஆம் நாள் இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தையார் தாமஸ் ரைட் ஹில் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். குடும்பத்தில் வறுமை நிலவியது. அக்காலத்தில் கடிதத்தைப் பெறுபவரே அஞ்சல் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். எனவே, அஞ்சல்காரர் கதவைத் தட்டினால் ஹில்லின் அன்னை அஞ்சினார். ஒருமுறை கட்டணத்திற்குப் பணமில்லாமையால், வீட்டிலிருந்த கந்தல் துணிகளை விற்றுவரச் சிறுவன் ஹில்லை அனுப்பினார். அதில் கிடைத்தது ஏறத்தாழ 3 ஷில்லிங். உறவினரின் கடிதம் மகிழ்ச்சிக்கு மாறாக அச்சத்தைத் தந்த அந்த நிலை, ஹில்லின் நெஞ்சில் ஆழப் பதிந்தது.

பன்னிரண்டாம் வயது முதலே தந்தையின் பள்ளியில் கற்பித்தலில் ஈடுபட்டார். பின்னர்ச் சகோதரர்களுடன் இணைந்து பர்மிங்காமில் ஹேசல்வுட் பள்ளியை நடத்தினார். அங்கு மாணவர்களை அடிக்கும் வழக்கம் இல்லை. மாணவர்களே தம் விதிகளை வகுத்து, தம்முள் எழும் வழக்குகளைத் தீர்த்துக்கொண்டனர். ஒழுங்கான அமைப்பும் பங்கேற்போர் ஒப்புதலும் இருந்தால் எந்த நிருவாகமும் செம்மையுறும் என்னும் உண்மையை அவர் அங்கேயே கற்றார்.

அக்கால அஞ்சல் முறை

அக்கால அஞ்சல் கட்டணம் தொலைவையும் தாளின் எண்ணிக்கையையும் பொறுத்து அமைந்தது. உறையும் ஒரு தாளாகக் கணக்கிடப்பட்டது. எழுத்தர்கள் ஒவ்வொரு கடிதத்தையும் விளக்கொளியில் பிடித்து, உள்ளே எத்தனை தாள்கள் உள்ளன என்று பார்த்தனர். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு தாள் கடிதம் செல்ல ஒரு ஷில்லிங்குக்கு மேல் ஆயிற்று. அஃது உழவுத் தொழிலாளி ஒருவரின் நாட்கூலியில் பெரும்பகுதியாகும். ஏழைகள் உறையின் மேற்புறத்தில் குறியீடுகளை இட்டு அனுப்பினர். பெறுபவர் குறியீட்டைக் கண்டு செய்தியறிந்து, கடிதத்தை வாங்காமல் திருப்பிவிட்டனர். நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கோ இலவசமாகக் கடிதம் அனுப்பும் சலுகை இருந்தது. இயலாதவர் செலுத்த, இயன்றவர் செலுத்தாதிருந்த முறை அது.

ஆய்வும் அறிக்கையும்

ஹில் அரசு அறிக்கைகளைத் திரட்டி ஆராய்ந்தார். இலண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரு கடிதத்தை எடுத்துச்செல்ல உண்மையில் ஆகும் செலவு, ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கே எனக் கண்டார். அவ்வாறாயின் செலவு எங்கே ஏற்படுகிறது? தாள்களை எண்ணுதல், கட்டணம் குறித்தல், வீடுதோறும் காசுக்காகக் காத்திருத்தல், கணக்கு எழுதுதல் ஆகியவற்றிலேயே ஏற்படுகிறது. தொலைவு செலவைக் கூட்டவில்லை. நடைமுறைச் சிக்கலே கூட்டியது.

1837 ஆம் ஆண்டு அஞ்சல் சீர்திருத்தம் குறித்த சிறுநூலை அவர் வெளியிட்டார். தொலைவு எதுவாயினும் ஒரே கட்டணம், எடையே அளவு, அரை அவுன்சுக்கு ஒரு பென்னி, அனுப்புநரே முன்கூட்டிச் செலுத்துதல் என்பவை அதன் சாரம். கட்டணம் செலுத்தியதற்கு அடையாளமாக, பின்புறம் பசை தடவிய சிறு தாளை ஒட்டலாம் என்றும் கூறினார்.

எதிர்ப்பும் மக்கள் துணையும்

அஞ்சல்துறைத் தலைமையினர் இத்திட்டத்தை வெறுங்கனவு என எள்ளினர். கடிதங்கள் பெருகினால் அஞ்சலகச் சுவர்களே தாங்கா என்றனர். ஆயினும் வணிகர்கள் குழு அமைத்துப் பரப்புரை செய்தனர். ஹென்றி கோல் என்பவர் இதற்கென இதழ் நடத்தினார். நாடெங்கிலுமிருந்து 2000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் நாடாளுமன்றத்தில் குவிந்தன. 1839 ஆம் ஆண்டு ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. அதனைச் செயற்படுத்த ஹில் கருவூலத்தில் அமர்த்தப்பட்டார். நடைமுறைக்கான யோசனைகளை அரசு பொதுமக்களிடமே கேட்டது. ஏறத்தாழ 2600 யோசனைகள் வந்தன.

1840 ஜனவரி 10 அன்று ஒரு பென்னி அஞ்சல் தொடங்கியது. உறுப்பினர்களின் இலவசச் சலுகையும் ஒழிந்தது. மே 6 அன்று, விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த கறுப்பு நிற அஞ்சல்தலை பயன்பாட்டுக்கு வந்தது. உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலை அதுவே. பிரித்தானிய அஞ்சல்தலைகளில் நாட்டின் பெயர் இன்றளவும் அச்சிடப்படுவதில்லை.

சோதனையும் மீட்சியும்

1839 இல் 7 கோடியே 60 லட்சமாக இருந்த கடிதங்கள், மறு ஆண்டே 16 கோடியே 90 லட்சமாக உயர்ந்தன. ஆனால் துறையின் நிகர வருவாய் மூன்றில் ஒரு பங்கிற்கும் கீழே வீழ்ந்தது. அது விரைவில் மீளும் என்ற ஹில்லின் கணிப்பு பொய்த்தது. பழைய நிலையை எட்ட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஆட்சி மாறியதும், 1842 இல் அவர் பணியிலிருந்து விலக்கப்பட்டார். திட்டம் பாதி நிறைவேறிய நிலையில், அதனை எதிர்த்தவர் கையிலேயே அதை விட்டுச்செல்ல நேர்ந்தது.

அவர் சோர்ந்துவிடவில்லை. இலண்டன் - பிரைட்டன் இருப்புப்பாதை நிறுவனத்தில் பணியேற்று, விரைவு வண்டிகளையும் சுற்றுலா வண்டிகளையும் அறிமுகப்படுத்தினார். மக்கள் நன்றியுணர்வோடு 13,000 பவுண்டு திரட்டி அவருக்கு அளித்தனர். 1846 இல் அஞ்சல்துறைக்கு அழைக்கப்பட்ட அவர், 1854 இல் அதன் செயலாளரானார். இலண்டன் நகரைத் தனித்தனி அஞ்சல் வட்டங்களாகப் பிரித்து, கடிதங்கள் விரைந்து சேர வழிசெய்தார். மாற்றுக் கருத்தை எளிதில் ஏலாத பிடிவாதம் அவரிடம் இருந்தது. அதனால் உடன்பணியாற்றியோர் சிலருடன் பிணக்கும் நேர்ந்தது. ஆயினும் அவரது உழைப்பையும் நேர்மையையும் நாடு மதித்தது. 1860 இல் சர் பட்டம் பெற்றார். 1864 இல் ஓய்வு பெற்றார். அப்போது ஆண்டுக் கடிதங்கள் 60 கோடியைக் கடந்திருந்தன.

இந்தியாவில்

அவரது கொள்கை கடல்கடந்து இந்தியாவுக்கும் வந்தது. 1854 அக்டோபர் முதல் இங்கும் தொலைவு பாராத ஒரே கட்டணம் நடைமுறைக்கு வந்தது. சென்னையிலிருந்து கல்கத்தாவுக்கு எழுதினாலும் அண்மையிலுள்ள ஊருக்கு எழுதினாலும், கால் தோலா எடைக்கு அரையணாவே கட்டணமாயிற்று.

நிறைவு

1879 ஆகஸ்ட் 27 அன்று ரோலண்ட் ஹில் மறைந்தார். இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். துறைக்கு வெளியே நின்ற ஆசிரியர் ஒருவர், மக்களின் இடர்ப்பாட்டைக் கண்டார். அதன் காரணத்தைக் கணக்கிட்டார். எளிய தீர்வு ஒன்றைச் சொன்னார். அத்தீர்வைச் சட்டமாக்கியவர்கள் விண்ணப்பத்தில் கையொப்பமிட்ட மக்கள். கந்தல் விற்றுக் கடிதம் வாங்கிய சிறுவன், எந்த ஏழையின் வீட்டிலும் அஞ்சல்காரரை மகிழ்வோடு வரவேற்கும் நாளை உருவாக்கினான்.