பாம்புகளின் நடுவே ஒரு வைத்தியர்

பிறந்த நாளின் அர்ச்சியசிஷ்டர் பெயரைப் பிள்ளைக்கு இடுவது நம் குடும்பங்களில் பழகிய காரியம். பிரேசில் தேசத்துத் தகப்பன் ஒருவர் அதோடு நிற்கவில்லை. 1865-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி, அர்ச். வித்தாலிஸ் திருநாளன்று பிறந்த மகனுக்கு, அர்ச்சியசிஷ்டர் பெயரோடு நாடு, மாகாணம், ஊர் ஆகிய மூன்றின் பெயரையும் சேர்த்து, வித்தால் பிரேசில் மினெய்ரோ த காம்பாஞ்ஞா என்று பெயரிட்டார். முதலிரண்டு சொற்களே உலகத்தில் நிலைத்தன.

வித்தால் பிரேசில் உழைத்துச் சம்பாதித்துக்கொண்டே படித்து, 1891-ல் ரியோ டி ஜெனிரோ நகரில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1895-ல் ஸாவோ பாவ்லோ மாகாணத்தின் உட்பகுதியிலுள்ள பொத்துக்காத்து என்னும் ஊருக்குப் போனார். காட்டை வெட்டிக் காப்பித் தோட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெறுங்காலோடு செடிகளின் நடுவே வேலை செய்த ஏழை ஜனங்களைப் பாம்பு கடித்தது. வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் கையிலோ மருந்தில்லை.

அங்கே இரண்டு பாம்புகள் முக்கியமானவை. ஒன்று கிலுகிலுப்பைப் பாம்பு. அதன் வால் நுனியில் காய்ந்த வளையங்கள் அடுக்கடுக்காக இருக்கும். கோபம் வந்தால் அதை ஆட்டிச் சப்தமிடும். அது கடித்த இடம் அதிகமாய் வீங்குவதில்லை. ஆகையால் ஒன்றுமில்லை என்று வீட்டார் இருந்துவிடுவார்கள். பிறகு கண்ணிமை சரியும், பார்வை மங்கும், சிறுநீர் கறுக்கும். மற்றது ஜராராக்கா, அது கடித்தால் கால் வீங்கும், இரத்தம் கசியும், சதை அழுகும்.

ஊரார் நம்பிய பச்சிலைகளை வித்தால் பிரேசில் இகழவில்லை. ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார். ஒன்றும் பயன்படவில்லை. அந்நாட்களில் பிரான்சு தேசத்தில் கால்மெத் என்பவர் நாகப்பாம்பின் விஷத்தைக் கொண்டு விஷமுறிவு மருந்து செய்திருந்தார். எல்லாப் பாம்புக்கும் அதுவே போதும் என்று நம்பப்பட்டது. வித்தால் பிரேசில் தம் நாட்டுப் பாம்புகளின் விஷத்தோடு வைத்துப் பார்த்தார், அது முறிக்கவில்லை. கிலுகிலுப்பைப் பாம்புக்கான மருந்து ஜராராக்கா கடிக்கு உதவாது, அதன் மருந்து இதற்கு உதவாது என்று நிரூபித்தார். இது நமக்கும் சம்பந்தமுள்ள சங்கதி. இந்தியாவில் மருந்து செய்ய வேண்டிய விஷத்தை வெகு காலமாகத் தந்துவருவது, 1978-ல் செங்கற்பட்டுப் பக்கம் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கம். தமிழ்நாட்டுப் பாம்பின் விஷத்தால் செய்த மருந்து, வட இந்தியப் பாம்பின் கடிக்கு அவ்வளவு நன்றாய் வேலை செய்வதில்லை என்று இக்கால ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

1899-ல் சாந்தோஸ் துறைமுகத்தில் பிளேக் நோய் பரவியது. அதை ஆராயப் போன வித்தால் பிரேசிலையே நோய் பிடித்தது, தப்பிப் பிழைத்தார். பிளேக்குக்கு மருந்து செய்வதற்காக ஸாவோ பாவ்லோவுக்கு வெளியே புத்தாந்தான் என்ற பண்ணையில் அரசாங்கம் ஒரு நிலையம் ஏற்படுத்தி, 1901-ல் அவரை அதன் தலைவராக்கிற்று. ஆரம்பத்தில் சோதனைச் சாலை என்று சொல்ல ஒரு கொட்டகைதான். அந்த வருஷமே பாம்புக்கடி மருந்தும் அங்கே உண்டாயிற்று. குதிரைக்குச் சிறிது சிறிதாக விஷத்தை ஏற்றி, பழகிய பின் அதன் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்தார்கள்.

ஆனால் விஷம் வேண்டுமென்றால் உயிருள்ள பாம்பு வேண்டும். அடித்துப்போட்ட பாம்பால் பயனில்லை. இங்கேதான் அவருடைய புத்திசாலித்தனத்தை மெச்ச வேண்டும்; மருந்தைவிட இதையே பெரிதென்பேன். குடியானவர்களுக்கு மரப்பெட்டியும், கோலின் முனையில் தோல் சுருக்கு வைத்த கருவியும் கொடுத்தார். பாம்பைப் பிடித்துப் பெட்டியிலிட்டு ரயிலில் அனுப்பினால், அதற்கு ஈடாக மருந்து கிடைக்கும். ரயிலில் பெட்டிக்குக் கட்டணமில்லை. இப்படி, காசில்லாத ஏழையின் வீட்டிலும் மருந்துக் குப்பி வந்து சேர்ந்தது. நேற்று வரை கண்டவுடன் தடியை எடுத்தவன், இது எந்தப் பாம்பு என்று குனிந்து பார்க்கத் தொடங்கினான். மருந்தோடு ஒரு காகிதமும் போகும். யாரை, எங்கே, எந்தப் பாம்பு கடித்தது, பிழைத்தாரா என்று எழுதித் திருப்பியனுப்ப வேண்டும். கடிகளில் பெரும்பாலானவை காலில்தான் என்பது இவற்றால் தெளிவாயிற்று. ஆகவே முழங்கால் வரை மூடும் பூட்ஸ் போடுங்கள் என்று ஓயாமல் சொல்லி வந்தார். கூலிக்காரனுக்குப் பூட்ஸ் வாங்கித் தருவது யார் என்ற கேள்வியும் கூடவே இருந்தது.

எல்லாப் பாம்பும் சத்துருவல்ல என்றும் அவர் போதித்தார். முசுரானா என்ற கருநிறப் பாம்பு மனிதருக்குத் தீங்கு செய்யாது. ஜராராக்காவைச் சுற்றி நெரித்து விழுங்கிவிடும். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1913-ல் புத்தாந்தானுக்கு வந்தபோது அதை நேரில் பார்த்து வியந்தார்.

1916-ன் தொடக்கத்தில் நியூயார்க் மிருகக்காட்சிசாலைக் காவலர் ஒருவரை டெக்சாஸ் கிலுகிலுப்பைப் பாம்பு கடித்தது. அப்போது அமெரிக்காவுக்கு வந்திருந்த வித்தால் பிரேசிலை அழைத்தார்கள். பிரேசில் மருந்து ஏற்றப்பட்டது, காவலர் பிழைத்தார்.

1919-ல் அவர் புத்தாந்தானை விட்டு, நித்தெராய் நகரில் வேறொரு நிலையம் தொடங்கினார். இடையில் சில வருஷம் பழைய இடத்துக்குத் திரும்பியும் வேலை செய்தார். 1950-ம் ஆண்டு மே மாதம் 8-ந் தேதி காலமானார். 1991-ல் பிரேசில் அரசாங்கம் வெளியிட்ட பத்தாயிரம் குருசெய்ரோ நோட்டின் முன்பக்கத்தில் அவர் முகத்தைப் போட்டார்கள். பின்பக்கத்தில், ஒரு பாம்பை விழுங்கிக்கொண்டிருக்கும் முசுரானா.