ஷண்முகம் செட்டியார்

கோயமுத்தூர் ஆர். கே. ஷண்முகம் செட்டியார் 1920-ல் சென்னைச் சட்டசபையிலும், பின்னர் டில்லிச் சட்டசபையிலும் சர்க்காரை வினவும் அங்கத்தினராக அமர்ந்தவர்; 1933-ல் டில்லிச் சபைக்கே தலைவரானவர். ‘சர்’ பட்டமும் ஒட்டாவா மகாநாட்டுப் பிரயாணமும் தேசீயவாதிகளுக்கு ருசிக்கவில்லை. ஆயினும் 1947-ல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதி மந்திரி அவரே.

அடுத்த வருஷம், வரி ஏய்ப்போரை ஆராயும் விசாரணைக் கமிஷனுக்குரிய பட்டியலினின்று சில பெயர்கள் நீங்கியதேன் என்று சபையில் கேள்வி பிறந்தது. வலுவான எதிர்க்கட்சி இல்லாத சபை அது என்பதை நேயர்கள் மறக்கலாகாது. உத்தியோகஸ்தர் தலையில் பழியை ஏற்றிவிட்டுப் பதவியில் ஒட்டிக்கொண்டிருப்பது மந்திரிகளுக்குப் பழகிய வித்தை. செட்டியாரோ பொறுப்பைத் தாமே ஏற்று, 1948 ஆகஸ்டில் ராஜிநாமாச் செய்தார். 1952-ல் சுயேச்சையாகச் சென்னைச் சட்டசபைக்குத் திரும்பி, மறு வருஷம் காலமானார்.