புரவலர் இல்லாக் காலத்தில் ஓர் ஓவியர்: கே.சி.எஸ். பணிக்கர்

கவிஞனுக்குத் தாளும் எழுதுகோலும் போதும். எழுதிய கவிதையை எந்த இதழும் ஏற்கவில்லையெனினும், நண்பர் நால்வர் கூடிய இடத்தில் அதனைச் சொல்லிவிடலாம். படியெடுத்து அஞ்சலில் அனுப்பலாம். ஓவியனின் நிலை அத்தகையதன்று. துணியையும் வண்ணத்தையும் முதலில் விலை கொடுத்து வாங்கியாக வேண்டும். வரைவதற்கு வெளிச்சமுள்ள இடம் வேண்டும். வரைந்ததைக் காட்டச் சுவர் வேண்டும். அச்சுவரும் பெரும்பாலும் வாடகைக்கே கிடைக்கும். சட்டமிடும் கூலி, வண்டிச் சத்தம், அழைப்பிதழ் அச்சிடும் செலவு ஆகிய அனைத்தையும் தாங்கிய பின்னரும் வாங்குவார் ஒருவர் வருவாரா என்பது ஐயமே. விற்காத படங்களைத் திரும்பக் கொண்டுசென்று எங்கு வைப்பது என்னும் கவலை அதற்கும் பிந்தியது. மன்னரும் சமீன்தார்களும் புரவலராக இருந்த காலம் கழிந்து, கலைக்கூடங்களும் செல்வந்தச் சேகரிப்பாளரும் தோன்றாத இடைக்காலத்தில், சென்னை நகரத்து ஓவியர்கள் இந்நிலையில்தான் இருந்தனர். இச்சிக்கலுக்கு ஒரு விடை கண்டவர் கே.சி.எஸ். பணிக்கர்.

1911ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் கோயம்புத்தூரில் பிறந்தவர் பணிக்கர். கேரளத்துச் சிற்றூர்ப் பசுமையே இளமையில் அவர் கண்ணை நிறைத்தது. பன்னிரண்டு வயதிலேயே இயற்கைக் காட்சிகளைத் தீட்டத் தொடங்கியவர், பதினேழாம் வயதில் சென்னை ஓவியக் கண்காட்சியில் தம் படங்களை வைக்கும் அளவிற்குத் தேர்ந்திருந்தார். எனினும் பொருள் முட்டுப்பாடு குறுக்கிட்டது. கல்லூரிப் படிப்பை இடையில் நிறுத்தித் தந்தித் துறையில் பணியேற்றார். ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஊதியத்திற்காகத் தூரிகையை ஒதுக்கிவைக்க நேர்ந்த அவ்வாண்டுகளே அவருடைய பிற்காலச் செயலுக்கு விதையாயின என்று கருதுவது தவறாகாது. பசியின் கணக்கைப் பட்டறிவால் உணர்ந்த ஆசிரியராக அவர் பின்னாளில் விளங்கினார்.

அவர் பயின்ற சென்னை அரசு கலை, கைத்தொழிற் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. பணிக்கர் மாணவராக இருந்தபோது அதன் முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் உள்ள உழைப்பாளர் சிலையை வடித்த அப்பெருங்கலைஞரே அப்பள்ளியின் முதல் இந்திய முதல்வருமாவார். பயிற்சி முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957இல் ராய் சௌத்ரியை அடுத்து முதல்வர் பொறுப்பேற்று, 1967வரை அப்பணியில் இருந்தார்.

ஆசிரியப் பணியில் அமர்ந்த சில ஆண்டுகளிலேயே, 1944இல், முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவினார். தனியொருவர் தாங்கவியலாத கண்காட்சிச் செலவைப் பலர் சேர்ந்து தாங்குவது இயல்பன்றோ? இளையோர் படங்கள் மூத்தோர் படங்களுக்கு அருகில் தொங்கின. சென்னையில் வரைவோரும் உளர் என்பது பிற நகரங்களுக்குத் தெரியவந்தது. 1961இல் சங்கத்தின் சார்பில் 'ஆர்ட்டிரண்ட்ஸ்' என்னும் ஆங்கில இதழும் வெளிவரலாயிற்று. சிற்றிதழ் நடத்தியோர்க்கு அதன் இன்றியமையாமையை விளக்க வேண்டுவதில்லை. படத்தைப் பற்றி எழுதுவாரும் படிப்பாரும் இல்லாதவிடத்துப் படம் பாதியளவே நிகழ்ந்ததாகும்.

1954ஆம் ஆண்டு பணிக்கர் ஐரோப்பா சென்றார். இலண்டனிலும் பாரிசிலும் அவருடைய ஓவியங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அதுகாறும் நீர்வண்ணத்தில் ஒளியும் நிழலும் படிந்த காட்சிகளை வரைந்து புகழ்பெற்றிருந்தவர், மேலைநாட்டு நவீன ஓவியங்களை நேரில் கண்டு திரும்பியபின் நெடிய தேடலில் ஆழ்ந்தார். மேலையோரைப் பின்பற்றி வரைவதில் பெருமையில்லை என்பதும், பழைய சுவரோவியங்களை அவ்வாறே பெயர்த்தெழுதுவதில் உயிரில்லை என்பதும் அவருக்கு ஒருசேரப் புலப்பட்டன. மாணவர்க்கும் அதனையே உணர்த்தினார். கோட்டின் ஆற்றலும், நாட்டார் கலையும், கோயிற் செப்புத் திருமேனிகளும், சோதிடச் சக்கரங்களும் அவருடைய வகுப்பறைக்குள் நுழைந்தன. பின்னாளில் சென்னை இயக்கம் என்று ஆய்வாளர் பெயரிட்டழைக்கும் போக்கு அவ்வகுப்பறைகளில் முளைத்ததே.

ஆனால் வகுப்பறைக்கு வெளியே என்ன இருந்தது? பட்டயம் பெற்று வெளியேறிய மாணவன் நெசவாளர் சேவை மையத்தில் துணிகளுக்கு வடிவம் வரையலாம். விளம்பர நிறுவனத்தில் சேரலாம். பள்ளி ஓவிய ஆசிரியராகலாம். திரைப்படப் பதாகை எழுதும் கூடங்களும் இருந்தன. இவற்றுள் எதுவும் இழிந்ததன்று. நெசவாளர் சேவை மையத்தில் இருந்துகொண்டே உயர்ந்த ஓவியங்களைப் படைத்த ரெட்டப்ப நாயுடு, ஆதிமூலம் போன்றோர் நம் கண்முன் நிற்கின்றனர். எனினும் எல்லோர்க்கும் அது வாய்க்கவில்லை. பகல் முழுதும் பிறர்க்காக வரைந்த கை, இரவில் தனக்காக வரைய மறுத்துவிடும். ஐந்தாறு ஆண்டுகள் தாம் உருவாக்கிய மாணவர்கள் வெளியேறிய ஓரிரு ஆண்டுகளில் ஓவியத்தையே கைவிடுவதை முதல்வர் நாற்காலியிலிருந்து பணிக்கர் ஆண்டுதோறும் கண்டார். புதுதில்லியில் 1954இல் லலித் கலா அகாதெமி தோன்றியிருந்தது உண்மையே. ஆயினும் தில்லி தொலைவு, பரிசு ஒருவருக்கு, பசியோ பலர்க்கு. அவ்வகாதெமியின் மண்டல மையம் சென்னைக்கு வந்தது 1978இல், பணிக்கர் மறைந்த மறு ஆண்டில்தான்.

இங்கே பணிக்கர் மேற்கொண்ட முடிவு எளியது, எளியதாயினும் துணிவானது. ஓவியத்தை விற்றுப் பிழைக்க முடியாதென்றால், ஓவியத்தை விற்பனைக்கேற்ப வளைப்பதைவிட, விற்கக்கூடிய வேறொன்றைச் செய்து ஓவியத்தை அதன்போக்கில் விட்டுவிடலாம் என்பதே அது. கைத்தொழிலும் கற்பிக்கும் பள்ளியாதலால் கருவிகள் அருகிலேயே இருந்தன. 1960களின் தொடக்கத்தில் ஓவியர் கைவினைச் சங்கம் உருவாயிற்று. மாணவரும் முன்னாள் மாணவரும் ஓய்வு நேரங்களில் கூடிப் பாத்திக் துணிகள் செய்தனர். உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டுச் சாயத்தில் தோய்த்தால், மெழுகு படிந்த இடம் சாயம் ஏற்காது நிற்கும். மெழுகில் விழும் நுண்ணிய வெடிப்புகளின் வழியே சாயம் நரம்பெனக் கசியும். அவ்வெடிப்பை முன்கூட்டி வரைய இயலாது. ஆதலால் எந்தத் துணியும் மற்றொன்றைப் போல் இராது. தோல், உலோகம், மரம், சுட்டமண் ஆகியவற்றிலும் பொருள்கள் செய்யப்பட்டன. ஓவியம் வாங்கத் தயங்கிய அதே நகரம் பாத்திக் துணிகளைத் தயங்காமல் வாங்கிற்று.

ஈட்டிய பொருளைப் பங்கிட்டு உண்டு தீர்த்திருந்தால் இவ்வரலாறு இத்துடன் முடிந்திருக்கும். அவர்கள் நிலம் வாங்கினர். சென்னைக்குத் தெற்கே மாமல்லபுரம் செல்லும் வழியில், ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையோரம், ஏறத்தாழ 10 ஏக்கர் மணற்பாங்கான இடம். சவுக்கும் பனையும் தவிர வேறொன்றும் இல்லாத அவ்விடத்தில் 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது. முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அதில் பங்குகொண்டனர். ஓலைக் குடிசைகளே முதல் வீடுகள். இன்று அவ்வழியே விரையும் வண்டிகளையும் மாளிகைகளையும் காண்போர்க்கு அன்றைய தனிமை விளங்காது. மணலும் உப்புக்காற்றுமே அவர்களுக்கு அண்டை வீட்டார்.

பெயரும் கருதத்தக்கது. சோழமண்டலம் என்னும் சொல்லே ஐரோப்பிய மாலுமிகளின் வாயில் கோரமண்டலம் ஆயிற்று. செப்புத் திருமேனிகள் வார்த்த கலைஞர்க்கு நிலமும் நெல்லும் வழங்கிய அரசமரபின் பெயரை, அரசனும் அவையும் அற்ற ஒரு கூட்டம் தனக்குத் தானே சூட்டிக்கொண்டது. புரவலனின் இடத்தில் அங்கிருந்தது ஒரு கூட்டுறவுச் சங்கம்.

கிராமத்தின் நடைமுறை இவ்வாறு அமைந்தது. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. எஞ்சியது ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும். கைவினைப் பொருள்கள் சங்கத்தின் வழியே விற்கப்பட்டன. வருவாயில் ஒரு பங்கு பொதுச் செலவிற்கு, மற்றது செய்தவர்க்கு. கிராமத்திலேயே காட்சிக்கூடம் அமைந்தமையால், சுவருக்கு வாடகை தேட வேண்டிய நிலை மாறியது. தாம் வரைந்ததைத் தம் வீட்டிற்கு அருகிலேயே ஆண்டு முழுதும் காட்டலாம். விலையையும் தாமே குறிக்கலாம். இக்காலத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பமும் பரிந்துரையும் ஏந்தி நிற்கும் இளங்கலைஞர்கள், விண்ணப்பமே இன்றி ஒரு தலைமுறை தனக்கு அமைத்துக்கொண்ட இவ்வேற்பாட்டைச் சற்றே நின்று நோக்குதல் நன்று.

இதனைக் குறை கூறியோரும் உண்டு. கைவினை கலையை விழுங்கிவிடும், ஓவியர்கள் துணி வணிகராவர் என்பது ஒரு சாரார் அச்சம். அவ்வச்சம் முற்றிலும் பொய்த்ததாகச் சொல்ல இயலாது. சிலர்க்குக் கைவினையே எளிதாயிற்று. வேறு சிலர்க்கு அதுவே புதிய வாயிலைத் திறந்தது. உலோகத் தகட்டைத் தட்டி அணியும் கலமும் செய்த பழக்கம், பணிக்கரின் மகன் நந்தகோபால் முதலியோரின் செப்புத் தகட்டுச் சிற்பங்களில் முதிர்ந்த கலையாய் வெளிப்பட்டது. அக்கித்தம் நாராயணன், விசுவநாதன் ஆகியோர் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கிவிட்டனர். பெண்கள் மிகச் சிலரே அங்குத் தனித்துப் பெயர் பெற்றனர். அர்னவாஸ், அனிலா ஜேக்கப் போன்ற பெயர்களுக்கு அப்பால் பட்டியல் நீளவில்லை. கூட்டுவாழ்வின் சுமையில் யார் பங்கு எவ்வளவு என்னும் வினாவை அக்கிராமத்தின் வரலாற்றை எழுதுவோர் இன்னும் போதிய அளவு எழுப்பவில்லை.

இராமானுசத்தின் கதை நெஞ்சை விட்டு அகலாதது. பேச்சுத் தடையும் வறுமையும் சூழ்ந்திருந்த அவ்விளைஞரின் ஆற்றலைப் பள்ளியிலேயே இனங்கண்டவர் பணிக்கர். மைக்கோடுகளால் அவர் எழுப்பிய மாட மாளிகைகளும், பாம்பும் பறவையும், அவற்றினிடையே தொப்பியணிந்து திரியும் அவருடைய உருவமும் தமிழகத்து ஓவியத்தில் வேறெங்கும் காணாதவை. சோழமண்டலம் அவருக்குக் கூரையும் தோழரையும் தந்தது. ஆயினும் 1973இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார். நிலமும் வருவாயும் காட்சிக்கூடமும் ஒரு கலைஞனுக்கு எவற்றையெல்லாம் தர முடியும், எதனைத் தர முடியாது என்பதைப் பணிக்கர் அன்று அறிந்திருப்பார்.

இவ்வளவையும் ஏற்று நடத்தியவரின் தூரிகை ஓய்ந்துவிடவில்லை என்பதே வியப்பு. 1963 தொடங்கி 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசை ஓவியங்களை அவர் தீட்டினார். மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் எழுத்துகளும் வடிவியல் கோடுகளும் கலந்து கிடந்த பக்கமே அதற்குத் தூண்டுதல். மலையாள எழுத்தின் சாயல் கொண்ட வரிகள், சாதகக் கட்டங்கள், கணக்குச் சூத்திரங்கள், அவற்றின் ஓரங்களில் மீன், பறவை, மனித உருவங்கள் என அவ்வோவியங்கள் விரிகின்றன. எழுத்துப் போல் தோன்றும். படிக்கப் புகுந்தால் பொருள் தராது. சொல்லைப் பொருளிலிருந்து விடுவித்தால் எஞ்சுவது என்ன என்னும் கேள்வி கவிஞர்களுக்கு அந்நியமானதன்று. தமிழில் 'கசடதபற' போன்ற சிற்றிதழ்கள் எழுந்தபோது, சென்னைப் பள்ளியில் பயின்ற ஓவியர்களின் கோடுகளே அவற்றின் அட்டைகளுக்கு முகமாயின என்பதையும் இங்கு நினைத்தல் தகும். இவ்வோவியங்கள் எளிதில் விலை போகக் கூடியவை அல்ல. விலை போக வேண்டும் என்ற நெருக்கடி இல்லாத மனமே அவற்றை வரைந்திருக்க முடியும்.

1967இல் பணி ஓய்வு பெற்றபின் பணிக்கரின் நாள்கள் பெரிதும் சோழமண்டலத்திலேயே கழிந்தன. 1976இல் லலித் கலா அகாதெமி தன் உயரிய சிறப்பாகிய உறுப்பாளர் தகுதியை அவருக்கு வழங்கிற்று. 1977ஆம் ஆண்டு சனவரியில், அறுபத்தைந்து வயதில் மறைந்தார். 1979இல் திருவனந்தபுரத்து அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. அவருடைய பல்வேறு காலப் படங்களை ஒருங்கே அங்குக் காணலாம்.

கிராமம் அவருடன் முடியவில்லை. குடிசைகள் வீடுகளாயின. பாத்திக் துணிகளின் காலம் மெல்ல மெல்லக் கழிந்து, ஓவியங்களே விலைபோகும் காலமும் வந்தது. 2009இல் சென்னை இயக்கத்தின் ஓவியங்களுக்கும் சிற்பங்களுக்குமான அருங்காட்சியகம் அங்கே திறக்கப்பட்டது. அதற்குப் பெரிதும் உழைத்த நந்தகோபால் 2017இல் மறைந்தார். மரங்களினிடையே பாரதி பெயர் தாங்கிய திறந்தவெளி அரங்கு ஒன்றும் அக்கிராமத்தில் உண்டு. இசை, கூத்து, நாடகம் ஆகியவற்றுடன் கவிதை வாசிப்பும் அம்மேடையில் நிகழ்ந்திருக்கிறது.