குரலை மூலதனமாக வைத்தவர்

நாடகம் போட பட்ஜெட் பத்தலைன்னு விடுதித் தம்பிகள் புலம்புகிறார்கள். நம்ம திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் கதையைக் கேளுங்கள்.

1910-ல் மாயவரத்தில் பிறந்தவர். ரயில்வே அதிகாரி எஃப்.ஜி. நடேச அய்யர்தான் சிறுவனை ‘அரிச்சந்திரா’வில் லோகிதாசனாக மேடையேற்றினார். 1926-ல் பொன்மலையில் ‘பவளக்கொடி’. மைக் இல்லாத காலம். படுதா, ஹார்மோனியம், மிருதங்கம், கடைசி வரிசைவரை எட்டும் குரல். செலவு அவ்வளவுதான், கூட்டமோ சொல்லி முடியாது! 1934-ல் அதுவே படமானது. 1944-ன் ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வேயில் மூன்று தீபாவளி கண்டது.

அதே ஆண்டு கொலை வழக்கில் கைது. 1947-ல் நிரபராதி என்று விடுதலை. பிறகு சொந்தப் பணத்தில் ‘ராஜமுக்தி’, 1957-ல் ‘புது வாழ்வு’. இரண்டும் கையைக் கடித்தன. என் கணக்கில், பாட்டு குறையலை. குரல் மட்டும் மீட்கிற அளவைச் செலவு தாண்டிடுச்சு.

1959 நவம்பர் 1-ல் காலமானார். சமாதி நம்ம சங்கிலியாண்டபுரத்தில் இருக்கிறது.