கொக்கோஸ் தீவில் இறங்கிய டார்வின்

கொக்கோஸ் தீவுகள் என்றதும் எங்கள் ஊர்களில் 2012ஆம் ஆண்டின் படகுகள்தான் நினைவுக்கு வரும். அவுஸ்திரேலியாவுக்கென்று புறப்பட்டவர்களில் பலர் கரை கண்டது அங்கேதான். அந்தப் பயணங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தபோதுதான், 1836 ஏப்ரலில் சாள்ஸ் டார்வினும் அங்கே இறங்கியதை அறிந்தேன்.

பாடசாலையில் நாம் படித்த டார்வின் பரிணாமக் கொள்கையோடு முடிந்துவிட்டார். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் முருகைக்கற்பாறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார்.

1809இல் இங்கிலாந்தில் பிறந்தவர். வைத்தியரான தந்தை மகனையும் வைத்தியம் படிக்க அனுப்பினார். மயக்க மருந்து இல்லாத அக்காலத்துச் சத்திரசிகிச்சையைப் பார்க்கச் சகிக்காமல் படிப்பை விட்டார். 1831 டிசெம்பரில், 22 வயதில், பீகிள் கப்பலில் ஏறினார். ஐந்து வருடப் பயணத்திலும் கடல் மயக்கம் அவரை விடவில்லை.

1835இல் சிலியில் பெரும் நிலநடுக்கம். கரை மேலெழுந்திருந்ததை நேரில் கண்டார். ஓரிடத்தில் நிலம் உயருமென்றால் இன்னோரிடத்தில் தாழவும் வேண்டும். பாறை கட்டும் முருகை உயிரிகள் வெளிச்சமுள்ள ஆழமற்ற நீரில்தான் வாழும். அப்படியானால் ஆழ்கடல் நடுவே வளையம் வளையமாய்த் தீவுகள் எப்படி வந்தன? எரிமலைத் தீவு மெல்லத் தாழ்கிறது. இறந்தவற்றின் கூடுகள்மேல் உயிருள்ளவை கட்டிக்கொண்டே போகின்றன. கடைசியில் தீவு மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது என்றார் டார்வின். கொக்கோஸில் கரையிலிருந்து சுமார் இரண்டு கிலோமீற்றர் தள்ளி, கப்டன் பிட்ஸ்ரோய் 7,200 அடிக் கயிறு இறக்கியும் அடி தட்டவில்லை. அங்கே வேலை செய்த மலாய் மக்கள் பேருக்குத்தான் சுதந்திரமானவர்கள், நடத்தப்படுவது அடிமைகளாக என்பதையும் அவர் குறித்துவைத்தார்.

1842இல் வந்த அந்த நூலில் என்னை நிறுத்திய செய்தி வேறொன்று. அலன் என்ற வைத்தியர் 1830இல் மடகஸ்கார் கரையில் முருகைத் துண்டுகளைப் பெயர்த்தெடுத்து, மணல் திட்டில் முளையடித்து நட்டிருக்கிறார். ஏழு மாதத்தில் அவை சில அடி வளர்ந்துவிட்டன. அச்சேறாமல் கிடந்த அவருடைய ஆய்வேட்டைத் தேடிப்பிடித்து டார்வின் தன் நூலில் சேர்த்தார். இன்று கடலடியில் கயிற்றிலும் இரும்புச் சட்டத்திலும் துண்டுகளைக் கட்டி வளர்க்கிறார்களே, அதன் பழைய வடிவம்தான் இது.

டார்வின் 1882இல் இறந்தார். 1952இல் பசிபிக்கின் எனிவெற்றொக்கில் அமெரிக்கர்கள் துளையிட்டபோது, 1,200 மீற்றருக்கும் மேற்பட்ட முருகைக்கல்லின் அடியில் எரிமலைப் பாறை கிடைத்தது. அவர் சொன்னது சரி. அதே வருடம் அதே இடத்தில் ஐதரசன் குண்டு வெடித்து ஒரு தீவே இல்லாமல் போனது.

நிலம் தாழும் வேகத்துக்கு முருகை ஈடுகொடுக்கும். கடல் வெப்பத்துக்கு முடியவில்லை. சூடு சில வாரங்கள் நீடித்தாலே, முருகைக்குள் இருந்து உணவூட்டும் பாசி வெளியேறி அது வெளிறிவிடுகிறது. 1998இல் எங்கள் தீவின் தெற்கிலும் மேற்கிலும் ஏராளமாக இறந்தன. திருகோணமலைப் புறாத்தீவு அப்போது தப்பியது. 2023 கோடையில் புளோரிடாவில், கடலில் வளர்த்த துண்டுகளை அவசரமாக எடுத்துக் கரையிலுள்ள தொட்டிகளுக்கு இடம்பெயர்த்தார்கள். வளர்ப்பு வீண் என்று நான் சொல்லமாட்டேன், விதைநெல்லையாவது அது காப்பாற்றும். ஆனால் தொட்டியில் இருப்பவற்றைத் திருப்பி நட, சூடு தணிந்த கடல் வேண்டும்.